நெட் வேகமாக இருந்தும் மைனர் ஏன் அறுந்துபோகிறது?

கேள்வியின் சுருக்கம்: மாடி அறையில் ஒரு பிட்ஆக்ஸ் காமா (பிட்காயின் எடுக்கும் சின்னக் கருவி, அதாவது மைனர்) வைஃபையில் ஓடுகிறது. ராத்திரியில் அடிக்கடி இணைப்பு அறுந்து, தானாகவே திரும்ப வருகிறது. பூலின் (பல மைனர்களின் வேலையைச் சேர்த்து நடத்தும் சேவை) வலைப்பக்கத்தில் ஹாஷ்ரேட் (மைனரின் கணக்கிடும் வேகம்) ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பெரிய மைனர் ஒன்று, கேபிள் செருகியும் ரூட்டர் பட்டியலிலேயே தெரியவில்லை. வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர், யூடியூப் தடங்கலின்றி ஓடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டர் உள்ளே விடும்படி அமைப்பது) செய்தால் சரியாகுமா?

செய்ய வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த 200 எம்பிபிஎஸ் கணக்கை மறந்துவிடுங்கள். மைனருக்கும் பூலுக்கும் நடுவே ஓடும் ஸ்ட்ராட்டம் என்ற நெறிமுறை வெறும் எழுத்து வரிகள்தான். பூல் அவ்வப்போது ஒரு வேலையை அனுப்பும், மைனர் ஒரு ஷேரை, அதாவது வேலை செய்ததற்கான சான்றை, திருப்பி அனுப்பும். அவ்வளவே. பழைய 2ஜி இணைப்பிலும் இது ஓடிவிடும். பிங் குறைவான பூல் எது என்று தேடி அலைவதும் பெரும்பாலும் வீண்வேலை. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு). பூல் சர்வர் அமெரிக்காவில் இருந்து 200 மில்லிசெகண்ட் தாமதம் ஆனாலும், 600 நொடியில் அது மூவாயிரத்தில் ஒரு பங்கு. மின்கட்டணத்தில் அதைவிடப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.

மைனருக்கு வேண்டியது ஒரே ஒரு டிசிபி இணைப்பு, மணிக்கணக்கில், முடிந்தால் நாள்கணக்கில், அறாமல் நிற்பது. யூடியூப் நன்றாக ஓடுவது இதற்குச் சாட்சி ஆகாது. வீடியோ முன்கூட்டியே பதிவிறங்கி வைத்துக்கொள்ளும்; நடுவில் ஐந்து நொடி நெட் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே ஐந்து நொடியில் ரூட்டர் புதிய பொது ஐபி (இணையத்தில் உங்கள் வீட்டின் முகவரி) வாங்கியிருந்தால் மைனரின் பழைய இணைப்பு செத்தது செத்ததுதான். அதை மைனர் உணர்ந்து மறுபடி கூப்பிடும் வரை செய்கிற வேலை கணக்கில் சேராது.

சரி, பிட்ஆக்ஸுக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஆக்ஸ்ஓஎஸ் (பிட்ஆக்ஸின் உள் மென்பொருள்) பக்கத்தைத் திறந்து அப்டைம் (நிற்காமல் ஓடிய நேரம்) எவ்வளவு என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அறுந்தது, காலை ஏழுக்குப் பார்க்கிறீர்கள், அப்டைம் ஐந்து மணிநேரம் என்று இருந்தால் அது நெட்வொர்க் பிரச்சினையே அல்ல. கருவி ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அப்டைம் பல நாளாக இருந்து, நடுவில் ஷேர் மட்டும் நின்றிருந்தால்தான் வைஃபை, ரூட்டர், பூல் என்று தேட வேண்டும். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் ரூட்டரை மாற்றியவர்கள், இன்டர்நெட் கம்பெனியையே மாற்றியவர்கள் எல்லாம் உண்டு.

ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். காமாவுக்கு 5 வோல்ட், 6 ஆம்பியர் அளவில் நல்ல அடாப்டர் வேண்டும். ஓட்டம் ஏறக்குறைய 15 முதல் 20 வாட்தான், ஆனாலும் மலிவான அடாப்டரில் "5வி 6ஏ" என்று அச்சடித்திருப்பதும் அது உண்மையில் கொடுப்பதும் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் இஎஸ்பி32 சிப் வைஃபையில் பேசும் கணத்தில் கரண்ட்டைச் சட்டென்று கூடுதலாக இழுக்கும். அந்த நேரம் வோல்டேஜ் சரிந்தால் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு அது "வைஃபை போய்விட்டு வந்தது" போலவே இருக்கும். மைனிங் சிப்பின் ஃப்ரீக்வென்சியையும் கோர் வோல்டேஜையும் ஏற்றி ஓட்டுகிறீர்களா? ஒருநாள் ராத்திரி எல்லாவற்றையும் ஃபேக்டரி அளவுக்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். அறுவது நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. யூஎஸ்பி-சி துளை ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் மென்பொருள்) ஏற்றுவதற்கு மட்டும். அதன் வழியாக மின்சாரம் கொடுத்து மைனிங் ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. மைனர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா, ரூட்டர் இருக்கிறதா, இரண்டும் இருக்கிறதா? ராத்திரியில் ஒரு நொடி கரண்ட் போய்வந்தாலும் நாம் தூக்கத்தில் கவனிப்பதில்லை. மைனர் சில நொடியில் எழுந்துவிடும். ஃபைபர் மோடமும் ரூட்டரும் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் மைனர் வைஃபையைத் தேடிக் களைத்து, தன்னுடைய செட்டப் வைஃபையைத் திறந்து உட்கார்ந்துவிடக்கூடும். போனில் வைஃபை பட்டியலைத் திறக்கும்போது பிட்ஆக்ஸ் பெயரில் ஒன்று தெரிந்தால் அதுதான் நிலை. அதில் சேர்ந்து 192.168.4.1 என்று பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தாலே இந்தத் தொல்லை பாதி போய்விடும்.

அப்டைம் நன்றாக இருக்கிறது, ஆனால் இணைப்பு அறுகிறது என்றால் அடுத்து வைஃபை. இஎஸ்பி32-எஸ்3 சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே படாது. இப்போது வரும் ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்து, கருவிகளை இங்கும் அங்கும் தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளுமுள்ளில் இப்படிப்பட்ட எளிய கருவிகள்தான் அடிபடும். ரூட்டர் அமைப்பில் 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 கலந்த நிலையில் பிட்ஆக்ஸ் சில ரூட்டர்களோடு ஒத்துப்போகாது. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். சேனல் எண்ணை "ஆட்டோ"வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். ராத்திரியில் மட்டும் அறுகிறது என்று நீங்கள் சொன்னதற்கு இந்த ஆட்டோ சேனலே காரணமாக இருக்கலாம். அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலைப் பார்த்து ரூட்டர் சேனல் மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கருவிகளும் ஒருமுறை கழன்றுதான் திரும்பச் சேரும். போன் அதை நொடியில் செய்துவிடும். ரூட்டரில் "தினமும் ராத்திரி ரீபூட்" என்ற அமைப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சிக்னல் அளவை ஆக்ஸ்ஓஎஸ் காட்டும், மைனஸ் எண்ணாக. மைனஸ் 50 அருமை, மைனஸ் 65 பரவாயில்லை, மைனஸ் 75ஐத் தாண்டினால் மைனரை நகர்த்துங்கள். கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்டி மாடிக்குப் போகும் சிக்னல் பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். கருவியைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது, இரும்பு பீரோவின் மேலிருந்து எடுப்பது, யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலிருந்து விலக்குவது எல்லாம் சின்ன வேலை, ஆனால் பலன் உண்டு. யூஎஸ்பி 3 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும் என்பது நன்கு அறியப்பட்ட விஷயம்.

பாஸ்வேர்டில் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம் பலரை அலைக்கழித்திருக்கிறது. போனில் காப்பி செய்து ஒட்டினால் வரும். கையால் அடியுங்கள்.

இனி பூல் பக்கத்து ஏற்ற இறக்கம். இது கோளாறாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பூல் உங்கள் மைனரின் ஹாஷ்ரேட்டை நேரில் அளப்பதில்லை. வந்த ஷேர்களை எண்ணி ஊகிக்கிறது. காமா விநாடிக்கு ஏறக்குறைய 1.2 டெராஹாஷ். பூல் வைத்த டிஃபிகல்ட்டி (ஒரு ஷேர் எவ்வளவு கடினம் என்ற அளவு) 65,536 என்றால் ஒரு ஷேருக்குச் சராசரியாக நான்கு நிமிடம் ஆகும். சராசரிதான் நான்கு, பன்னிரண்டு நிமிடம் ஒன்றுமே வராமல் இருப்பதும் இருபதில் ஒருமுறை நடக்கும். அந்த இடைவெளியில் பூல் பக்கத்தில் கோடு கீழே விழும், மூன்று ஷேர் அடுத்தடுத்து வந்தால் ஏறும். சின்ன மைனருக்குப் பத்து நிமிடக் கணக்கைப் பார்க்காதீர்கள், ஒருநாள் சராசரியைப் பாருங்கள். அது 1.2க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மாறாக, கருவி தன் பக்கத்தில் 1.2 டெராஹாஷ் என்று காட்டுகிறது, பூலிலோ ஒருமணி நேரமாக எதுவுமே இல்லை என்றால் அது வேறு. இணைப்பு ஒருபக்கம் செத்து, மறுபக்கம் அதை அறியாமல் காத்திருக்கும் நிலை. வழியில் உள்ள ரூட்டரோ, பலருக்கு ஒரே பொது ஐபியைப் பங்கிடும் நெட் நிறுவனத்தின் கருவியோ அந்த இணைப்பை மறந்திருக்கும். நிலைபெற்ற டிசிபி இணைப்பைப் பேச்சில்லாவிட்டாலும் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்க வேண்டும் என்பது இணையத் தரநிலை; மலிவு ரூட்டர்கள் பல அதை மதிப்பதில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், ஃபால்பேக் பூல் (மாற்றுப் பூல்) என்ற இடத்தில் இன்னொரு பூலைப் போட்டு வையுங்கள்.

பூல் நிராகரித்த ஷேர்கள் இருந்தால் லாகில் (கருவியின் பதிவேட்டில்) எண்ணோடு வரும். அந்த எண்ணைப் படித்தால் பாதி வேலை மிச்சம். 21 என்றால் தாமதமாக வந்த ஷேர். அந்த வேலை காலாவதியாகிவிட்டது. நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் இயல்பு, கூடினால் நெட்டைச் சந்தேகிக்கலாம். 22 ஒரே ஷேர் இரண்டு முறை வந்தது, 23 போதாத டிஃபிகல்ட்டி: இவை ஃபர்ம்வேர் பக்கத்து விவகாரம், கேபிளை மாற்றிப் பயனில்லை. 24 என்றால் ஒர்க்கர் பெயர் (பூலில் உங்கள் மைனருக்கு உள்ள பெயர்) தப்பு. தனியாக மைன் செய்வோருக்கான சோலோ பூல்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் பிட்காயின் முகவரியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து விடுபட்டாலும் பூல் கதவைச் சாத்திவிடும், கருவியோ "இணைப்பு இல்லை" என்று மட்டும் காட்டக்கூடும்.

எஸ்9 கதை வேறு. 2016ல் வந்த மைனர் அது. வைஃபை கிடையாது, கேபிள்தான். முதலில் லேன் துளையில் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், அல்லது ரூட்டர் துளை, அல்லது கன்ட்ரோல் போர்டு. அதே கேபிளில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் முதல் இரண்டும் தெளிந்துவிடும். மொட்டை மாடி வரை நீண்ட கேபிள் இழுத்திருந்தால் அது அசல் செம்பா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும், தூரம் கூடினால் கைவிடும். சுவர் பிளக் வழியாக மின்கம்பியிலேயே நெட் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரை மைனரோடு சேர்க்காதீர்கள். மைனரின் பவர் சப்ளை அதே கம்பியில் இரைச்சலைக் கொட்டும்.

விளக்கு எரிகிறது, ரூட்டர் பட்டியலில் மட்டும் இல்லை என்றால், என் ஊகம் இது: முன்பு வைத்திருந்தவர் அதற்கு நிலையான ஐபி கொடுத்திருக்கிறார். மைனர்களை மொத்தமாக ஓட்டும் பண்ணைகளில் 10.ல் தொடங்கும் முகவரியோ வேறு ஏதோ ஒன்றோ வைத்திருப்பார்கள். உங்கள் வீடு 192.168.1. வரிசையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. முகப்பில் ஐபி ரிப்போர்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். தயாரிப்பாளர் பிட்மெயினின் ஐபி ரிப்போர்ட்டர் மென்பொருளை லேப்டாப்பில் ஓடவிட்டு அதை அழுத்தினால் முகவரியைச் சொல்லிவிடும். அதுவும் பலிக்கவில்லை என்றால் கரண்ட் கொடுத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பழைய அமைப்பு போய், ரூட்டரிடமே ஐபி கேட்கும். வந்ததும் ரூட்டரில் அதன் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். மைனருக்குள் நிலையான ஐபி போடுவதைவிட இது மேல், அடுத்த முறை ரூட்டர் மாற்றினால் இதே தலைவலி வராது.

உள்ளே நுழைந்தபின் மைனர் ஸ்டேட்டஸ் பக்கத்தில் மூன்று பூல்களுக்கும் அலைவ் அல்லது டெட் என்று இருக்கும். மூன்று இடத்திலும் ஒரே பூலின் மூன்று முகவரிகளைப் போடாதீர்கள். வேறு வேறு பூல்களைப் போட்டால் இந்தப் பக்கமே ஒரு சோதனைக் கருவி ஆகிவிடும். மூன்றும் டெட் என்றால் உங்கள் வீட்டுப் பக்கம் கோளாறு. ஒன்று மட்டும் டெட் என்றால் அந்தப் பூலோ, அங்கே நீங்கள் கொடுத்த பெயரோ கோளாறு.

இரண்டு கருவியும் வைத்திருப்பவர்கள் தவறாமல் சிக்கும் இடம் ஒன்று: ஆன்ட்மைனரில் பூல் முகவரிக்கு முன்னால் "ஸ்ட்ராட்டம்+டிசிபி" என்ற முன்னொட்டும், பின்னால் போர்ட் எண்ணும் ஒரே வரியில் வேண்டும். பிட்ஆக்ஸில் முன்னொட்டே கூடாது, போர்ட்டுக்குத் தனிக் கட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டினால் எதுவும் நடக்காது, ஏன் என்றும் சொல்லாது.

மூன்றும் டெட் என்றால் அதே ரூட்டரில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து சோதியுங்கள். என்எஸ்லுக்அப் கட்டளையில் பூல் பெயரைக் கொடுத்தால் ஐபி வர வேண்டும். வரவில்லை, அல்லது 0.0.0.0 என்று வந்தால் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) மறிக்கிறது. விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ், பை-ஹோல், ரூட்டரின் "பாதுகாப்பு" வசதி எதையாவது போட்டிருக்கிறீர்களா? 2017 முதல் 2019 வரை காயின்ஹைவ் என்ற சேவை, வலைத்தளங்களுக்கு வருகிறவர்களின் கம்ப்யூட்டரில் அவர்களுக்கே தெரியாமல் மைனிங் ஓட வழி செய்தது. அப்போது எழுந்த தடைப் பட்டியல்கள் இன்றும் மைனிங் பெயர்களைக் கண்டாலே மறிக்கும். அங்கே பூலுக்கு விலக்குக் கொடுங்கள், அல்லது மைனருக்கு மட்டும் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று டிஎன்எஸ் கொடுங்கள். பெயருக்கு ஐபி வருகிறது என்றால் அடுத்து போர்ட்: விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன், லினக்ஸில் டெல்நெட். பூலின் போர்ட் 3333 திறக்கவில்லை என்றால் அதே பூல் 443ல் வருகிறதா என்று அவர்கள் பக்கத்தில் பாருங்கள். பல பூல்கள் தருகின்றன. கடைசிச் சோதனை போன் ஹாட்ஸ்பாட். பிட்ஆக்ஸை அரைமணி நேரம் அதில் ஓட்டி, அங்கே இணைந்து வீட்டு நெட்டில் இணையவில்லை என்றால் பழி ரூட்டருக்கோ நெட் நிறுவனத்துக்கோ. ஹாட்ஸ்பாட்டையும் 2.4க்கு மாற்ற மறக்காதீர்கள்.

மைனிங் நடக்கிறது, மைனரின் பக்கம் மட்டும் போனில் திறக்கவில்லை என்றால் போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கும், அல்லது ரூட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுப்பது) போட்டிருக்கும். அது ஷேரைப் பாதிக்காது.

இப்போது போர்ட் ஃபார்வர்டிங். மைனர்தான் பூலைக் கூப்பிடுகிறது, பூல் உங்கள் வீட்டைக் கூப்பிடுவதில்லை. ஆகவே வெளியிலிருந்து எந்தக் கதவும் திறந்திருக்கத் தேவையில்லை; பொது ஐபி இல்லாத இணைப்பிலும் மைனிங் தடையின்றி நடக்கும். திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்9க்கே வரலாறு உண்டு. அதன் ஆரம்பப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே "ரூட்". 2019 ஜனவரியில் ஹெச்ஆன்ட் என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) சீனாவில் எஸ்9, டி9, எல்3+ மைனர்களைப் பிடித்து, பத்து பிட்காயின் கேட்டது. அதற்கு முன் 2017 ஏப்ரலில் ஆன்ட்பிளீட் விவகாரம்: ஆன்ட்மைனர் ஃபர்ம்வேர் சில நிமிடத்துக்கு ஒருமுறை பிட்மெயினின் சர்வரைக் கூப்பிடுவதும், அங்கிருந்து "வேண்டாம்" என்று பதில் வந்தால் மைனிங்கை நிறுத்திவிடும் என்பதும் வெளியானது. பிறகு பிட்மெயின் அதை நீக்கிப் புது ஃபர்ம்வேர் விட்டது. நீங்கள் வாங்கிய பெட்டியில் எந்தக் காலத்து ஃபர்ம்வேர், யாருடைய ஃபர்ம்வேர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எஸ்டி கார்டிலிருந்து சுத்தமாக ஒன்றை ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றி, அதன் பிறகு உங்கள் பூல் விவரத்தைப் போடுங்கள். ஓரிரு நாள் கழித்து அமைப்புப் பக்கத்தில் முகவரி உங்களுடையதாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரூட்டரில் விபிஎன் போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஸ்9 ஏறக்குறைய 1,320 வாட் இழுக்கும். நாளுக்கு 31 யூனிட்டுக்கு மேல். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 1,900 யூனிட் அளவில் வரும், அதுவும் வீட்டின் மற்ற செலவுக்கு மேலே, உச்ச ஸ்லாப்பில். கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஓட்டுங்கள், தப்பில்லை. மாதக்கணக்கில் ஓட்டப் போவதாக இருந்தால் நெட்டைச் சரிசெய்வதற்கு முன் அந்தப் பில்லைக் கணக்குப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பிட்ஆக்ஸ் அறுந்தால், அறுந்த நேரம், அப்போதைய அப்டைம், சிக்னல் அளவு, லாகின் கடைசி இருபது வரி இவற்றை எழுதுங்கள். பிட்காயின் முகவரியை மறைத்துவிட்டு.